மீட்புக் காலம்

தண்டர் பே. ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
இரவுப் பணியில் நாலு பேர்,
ஒரு ஹீட்டர், அதற்கும் இருமல்.

"இன்டர்நெட் செத்துப்போச்சு" என்றார் அழைத்தவர்.
எல்லாரும் அப்படித்தான் தொடங்குவார்கள்.
வைஃபை போனாலும் அதுதான்,
மோடத்தின் வயரைப் பூனை கடித்தாலும் அதுதான்,
கடவுச்சொல் மறந்தாலும் அதுதான்.
பல்வலி, தலைவலி, பிரசவ வலி
எல்லாவற்றுக்கும் "உடம்பு சரியில்லை" என்பதுபோல.

குறை சொல்ல எனக்கும் வாயில்லை.
சேர்ந்த வாரம்
பிட்டையும் பைட்டையும் குழப்பி
ஒருவருக்கு எட்டு மடங்கு வேகம் வாக்களித்தேன்.
சின்ன பி, பெரிய பி, அவ்வளவுதான் வித்தியாசம்.
பெரிய எழுத்தே இல்லாத மொழிக்காரி நான்;
கரைக்கும் கறைக்கும் காது திருகியவர்கள்
இதற்குத் திருகவில்லை.
"எட்டுப் பிட்டு, ஒரு பைட்டு"
என்று மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்தேன்.
பக்கத்து இருக்கை ட்ரெவர் என்ன எழுத்து என்றான்.
சமையல் குறிப்பு என்றேன்.
பாதி உண்மை.

இவர் பெயர் ஐனோ லேத்தினென்.
ஏரிப் பக்கம் நீராவிக் குளியலகம்.
"மாதாமாதம் கட்டுகிறேன், பார்."
பார்த்தேன். கட்டியிருக்கிறார்.
கட்டியது இடத்துக்கு.
பெயருக்குக் கட்டவில்லை,
இன்றோடு நாற்பத்தொரு நாள்.

"இரண்டும் ஒன்றில்லையா?"

இல்லை.
ஹோஸ்டிங்கை "ஓம்பல்" என்று எழுதிய
கலைச்சொல் பட்டியல் ஒன்றை எங்கோ பார்த்தேன்,
விருந்தை வெட்டி எறிந்துவிட்டு.
அதை இவருக்கு எப்படிச் சொல்வது?
பந்தி அப்படியே இருக்கிறது, ஐனோ,
இலை போட்டபடி.
தெருமுனையில் வழி சொல்கிற ஆளுக்குத்தான்
உங்கள் பெயர் மறந்துவிட்டது.

"நினைவூட்டியிருக்கலாமே."
ஊட்டியிருக்கிறோம், நாலு மின்னஞ்சல்.
"யாருக்கு?"
பதிவு மிக்கோவின் பெயரில்.
அந்தப் பக்கம் கெண்டி ஒன்று கொதிக்கத் தொடங்கி
நெடுநேரம் கொதித்தது.
"மிக்கோ ஆகஸ்டில் படகோடு போனவன்."

கையேட்டில் இதற்கும் ஒரு பக்கம் உண்டு.
இறப்புச் சான்றிதழ், உறவுச் சான்று,
வேலைநாள் பத்து, கூடுதல் கட்டணம்.
கவலைப்பட வேண்டாம், என்றேன்,
மீட்புக் காலம் இன்னும் இருக்கிறது.
அந்தச் சொல்லை அவர் மெல்லத் திருப்பிச் சொன்னார்.
"யாரை?"
எதை என்று நான் திருத்தவில்லை.

கணக்கைத் திரும்பப் புரட்டினேன்.
மகன் தனி எண் ஒன்று வாங்கி வைத்திருக்கிறான்,
மாதம் நாலு டாலர், ஒருவருக்கும் சொல்லாமல்.
எழுதிக்கொள்ளுங்கள், ஐனோ. எண். புள்ளி. எண்.
பென்சில் காகிதத்தை உரசுவது
ஹெட்செட்டில் கேட்டது.
"பாதுகாப்பில்லை என்கிறது."
பூட்டு பெயருக்குச் செய்தது.
எண் வழியாகப் போனால் பொருந்தாது.
உங்கள் வீடுதான், உள்ளே போங்கள்.

போனார்.
செவ்வாய் பெண்களுக்கு, வெள்ளி எல்லாருக்கும் என்று
வாய்விட்டுப் படித்தார்.
"துண்டு கொண்டுவரவும் என்பதில்
துண்டை இன்னும் தப்பாகவே வைத்திருக்கிறான்."
சிரிப்பா, மூக்கை உறிஞ்சுவதா, தெரியவில்லை;
இணைப்பில் இரண்டும் ஒரே சத்தம்.
கீழே ஒரு தொலைபேசி எண் இருந்தது.
அதை அவர் படிக்கவில்லை.

நாற்பத்தாறு நிமிடம். இலக்கு ஒன்பது.
முடித்தால் ஒரு வகை தேர்ந்தெடுக்க வேண்டும்:
பெயர், இடம், இணைப்பு, கட்டணம்.
கர்சர் நாலுக்கும் நடுவே நின்றது.
ட்ரெவர் எட்டிப் பார்த்து
"ஏதாவது ஒன்றைப் போடு" என்றான்.
போட்டேன்.

அடுத்த அழைப்பு.
இன்டர்நெட் செத்துப்போச்சாம்.
ரவுட்டரில் எந்த விளக்கு எரிகிறது, ஐயா?
"ரவுட்டர் என்றால்
மோடத்தைத்தானே சொல்கிறாய்?"